டோர்னுக்கு மலர்வளையத்தோடு வருபவர்களுக்கு

அன்புடையீர்,

ஆண்டுதோறும் ஜூன் 4ஆம் தேதி நெதர்லாந்தின் டோர்னுக்கு வந்து, முதல் உலகப் போரின்போது ஜெர்மனியின் பேரரசராக இருந்த கெய்சர் இரண்டாம் வில்ஹெல்மின் கல்லறை மண்டபத்தில் அஞ்சலி செலுத்துகிறீர்கள். செலுத்துங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. (எங்களுக்கும் அவருக்கும் ஒரு பழைய பாத்தியதை உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது அவருடைய எம்டன் கப்பல்தான். இன்றும் பலே ஆசாமியைப் பார்த்தால் ‘சரியான எம்டன்’ என்போம்.)

அவரை நாடிழந்த அநாதையாக எண்ணி உருகும்போதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. 1918 நவம்பர் 10 அதிகாலை, பெல்ஜியத்தின் ஸ்பா நகரிலிருந்து கிளம்பி, அய்ஸ்டன் என்ற ஊரில் டச்சு (நெதர்லாந்து) எல்லையைத் தாண்டினார். அனுமதி வரும்வரை ரயில் நிலையத்தில் மணிக்கணக்கில் காத்திருந்தார். அவ்வளவுதான் அவர் பட்ட கஷ்டம்.

அதே எல்லையை மற்றவர்கள் எப்படித் தாண்டினார்கள்? 1914இல் அவருடைய படைக்குப் பயந்து சுமார் பத்து லட்சம் பெல்ஜியர்கள் நெதர்லாந்துக்கு ஓடினார்கள். மறு ஆண்டே ஜெர்மன் ராணுவம் எல்லை நெடுக, 300 கிலோமீட்டருக்கு மேல், மின்வேலி போட்டது. 2,000 வோல்ட். மின்சாரத்தையே பார்த்திராத கிராமத்து ஜனங்கள். கம்பி தொட்டால் கொல்லும் என்று சொன்னால் யார் நம்புவார்? தொட்டுக் கரிந்தார்கள். ஆடுமாடும் செத்தது. விவரம் தெரிந்தவர்கள் ரப்பர் சுற்றிய மரச்சட்டத்தைக் கம்பிகளுக்கு நடுவே செருகி, அதற்குள் உடம்பைக் குறுக்கி நுழைந்தார்கள். அடியில்லாத பீப்பாய்க்குள் ஊர்ந்து போனவர்களும் உண்டு.

கெய்சருக்கு மரச்சட்டமும் தேவைப்படவில்லை, பீப்பாயும் தேவைப்படவில்லை. பின்னாலேயே ஜெர்மனியிலிருந்து 50க்கும் மேற்பட்ட ரயில் பெட்டிகளில் சாமான் வந்தது. ஒன்றில் கார், இன்னொன்றில் படகு! எழுதும் மேசைக்கு நாற்காலியாகக் குதிரைச் சேணம். பொழுது போகாவிட்டால் மரம் வெட்டினார். நேச நாடுகள் விசாரணைக்குக் கேட்டபோது, 1920இல் டச்சு அரசு ஒப்படைக்க மறுத்து அவரைக் காப்பாற்றியது.

அந்த நாட்டை 1940 மே மாதம் ஹிட்லரின் படை விழுங்கியது. அடுத்த மாதம் பாரிஸ் வீழ்ந்ததும் கெய்சர் ஹிட்லருக்கு வாழ்த்துத் தந்தி அடித்தார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள்.

ஜெர்மனியில் முடியாட்சி திரும்பும்வரை தன் உடலை அங்கே கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிவிட்டு, 1941இல் டோர்னிலேயே கண்மூடினார். சரி, இருக்கட்டும். அடுத்த ஜூனில் டோர்னுக்கு வரும்போது கொஞ்சம் சுற்றி, பெல்ஜிய எல்லைப் பக்கமாக வாருங்கள். அந்த மின்வேலியின் மாதிரியைச் சில இடங்களில் திரும்ப நட்டு வைத்திருக்கிறார்கள். கொண்டுவரும் பூவில் பாதியை அங்கே வைத்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
எம்டன் குண்டு போட்ட ஊரிலிருந்து ஒரு வாசகன்