க்ரீம் பையில் இருந்தது: குழந்தைகள் பிரிவை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அரசு மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுத் தலைவர்களுக்கும், அவர்களுக்கு ஆணையிடும் இடத்தில் இருக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

குழந்தைக்கு வலி குறைய ஊசி போடுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லித்தரும் இடத்தில் நான் இல்லை. அதெல்லாம் நீங்கள் படித்த புத்தகத்திலேயே இருக்கிறது. புத்தகத்தில் இருப்பது வார்டுக்கு ஏன் வரவில்லை என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

என் மகளுக்கு ஏழு வயது. தலசீமியா; உடம்பில் ரத்தம் சரியாக ஊறாத பரம்பரை நோய். மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும். எந்த மருத்துவமனை என்று சொல்லப்போவதில்லை. ரத்தமும் மாத்திரையும் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கிருக்கும் சிஸ்டர்கள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். முந்தின நாளே சாம்பிள் கொடுத்திருந்தோம். காலையில் எட்டு மணிக்கெல்லாம் பெட்டில் உட்கார்ந்துவிட்டோம். ரத்த வங்கியிலிருந்து பை வரப் பதினொன்று தாண்டிவிட்டது. என் கைப்பையில் மரத்துப்போகச் செய்யும் க்ரீம் இருந்தது. லிக்னோகெயினும் பிரிலோகெயினும் கலந்தது. எங்கள் ஊர்க் குழந்தை டாக்டர் சீட்டு எழுதித் தர, மெடிக்கலில் வாங்கினேன். நரம்பு தெரிகிற இடத்தில் தடிமனாக வைத்து, மேலே பிளாஸ்டிக் ஒட்டி, ஒரு மணி நேரம் விட்டால் தோல் மரத்துவிடும். “போட்டுவிடட்டுமா சிஸ்டர்?” என்று கேட்டேன். “இங்க அது வழக்கமில்லம்மா, டாக்டர் எழுதணும்” என்றார். டாக்டர் ரவுண்ட்ஸில் இருந்தார். சரி, வரட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். அவர் வருவதற்குள் ரத்தம் வந்துவிட்டது. உடனே எல்லாம் அவசரமாகிவிட்டது.

சிகிச்சை அறைக்குள் அவளைத் தூக்கிப் போனார்கள். “அம்மா வெளியே நில்லுங்க.” கதவைச் சாத்திவிட்டார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பெட்ஷீட்டால் சுற்றி, ஒருவர் தோளையும் ஒருவர் முழங்காலையும் அழுத்த, இன்னொருவர் கையைப் பிடித்துத் தட்டித் தட்டி நரம்பு தேடினார். இடது கையில் வென்ஃப்ளான், அதாவது ரத்தம் ஏற்ற நரம்பில் செருகும் குழாய் ஊசி, ஏறவில்லை. வலது கையில் ஏறி, உடனே வீங்கிவிட்டது. அப்புறம் கால். என் மகள் கத்தியது வராந்தா முழுக்கக் கேட்டது: “நான் இனிமே நல்ல பிள்ளையா இருக்கேன், விட்டுடுங்க.”

அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் ஊசி என்பது தண்டனை என்று அவள் மனதில் பதிந்துவிட்டது. ‘சேட்டை பண்ணினா ஊசி போடச் சொல்லிடுவேன்’ என்று வீட்டுக்கு வீடு மிரட்டுகிற ஊர் இது. வார்டிலும் அதே மிரட்டல்தான் என்றால் குழந்தை எங்கே போகும்? இப்போதெல்லாம் ரத்தம் ஏற்றும் நாளுக்கு முந்தின ராத்திரியே அவள் சாப்பிடுவதில்லை.

மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம் ஐயா. அதில் ஒரு மணி நேரம் போதும். புது ஆள் வேண்டாம், புதுக் கட்டடம் வேண்டாம். குழந்தை பெட்டுக்கு வந்ததும் இரண்டு கையிலும் க்ரீம் வைக்க வேண்டும் என்று எழுத்தில் ஓர் ஆணை இருந்திருந்தால், அந்த சிஸ்டரே வைத்திருப்பார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எழுதாததைச் செய்தால் நாளைக்கு மெமோ வாங்கப் போவது அவர்தான்.

நான் கேட்பது இதுதான்: அவசரம் இல்லாத எந்த ஊசியும், வலி குறைக்க வழி செய்யாமல் குழந்தையின் உடம்பில் ஏறக் கூடாது. அதை எழுத்தில் கொடுங்கள்.

இந்த விஷயத்தில் ஆராய்ச்சிக்குப் பஞ்சம் இல்லை. ஒரு காலத்தில் பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்று சொல்லி, சரியான மயக்க மருந்து இல்லாமலே அறுவை சிகிச்சை செய்தார்கள். 1987-ல் அதை உடைத்தவர் இந்தியாவில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டு போன கன்வல்ஜீத் சிங் ஆனந்த். இதய அறுவை சிகிச்சைக்கு வந்த குறைமாதக் குழந்தைகளில் ஒரு சாராருக்கு ஃபென்டனில் என்ற வலுவான வலி மருந்து கொடுத்தார்கள். அவர்கள் உடம்பு பட்ட அதிர்ச்சியும் குறைந்தது, பின்னால் வந்த சிக்கலும் குறைந்தது. 1997-ல் டொரொன்டோவில் அன்னா டாடியோவும் உடன் இருந்தவர்களும், பிறந்த சில நாளில் சுன்னத்து செய்யப்பட்ட குழந்தைகளை நான்கு, ஆறு மாதத் தடுப்பூசியின்போது கவனித்தார்கள். சுன்னத்து செய்யப்படாத குழந்தைகளைவிட, மரத்துப்போகும் க்ரீம் இல்லாமல் செய்யப்பட்டவர்கள் அதிகம் துடித்தார்கள். க்ரீம் போட்டுச் செய்யப்பட்டவர்கள் இரண்டுக்கும் நடுவில் இருந்தார்கள். என் பையில் கிடந்த அதே வகை க்ரீம்தான். ஒரு நாள் பட்ட வலி மாதக்கணக்கில் உடம்பில் நிற்கிறது என்று அன்றே தெரிந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை படுகிறவளுக்கு என்ன ஆகும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தடுப்பூசிக்கு உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே வழி சொல்லிவிட்டது. தாய் கூடவே இருக்கட்டும், குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளட்டும், ஊசிக்குக் கொஞ்சம் முன்போ ஊசி போடும்போதோ தாய்ப்பால் கொடுக்கட்டும், தசையில் குத்தியபின் ரத்தம் வருகிறதா என்று பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டாம், அதிகம் வலிக்கிற ஊசியைக் கடைசியில் போடுங்கள். ‘வலிக்கவே வலிக்காது’ என்று பொய் சொல்லவும் வேண்டாம் என்கிறது. இதில் எதற்குக் காசு? இன்றைக்கு ஆறாவது வாரத்திலேயே ஐந்து நோய்க்கான பென்டாவேலன்ட், நிமோனியா ஊசி, போலியோ ஊசி என்று குழந்தைக்கு மூன்று குத்து. புதன்கிழமை காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். எத்தனை அம்மாக்களிடம் ‘பால் கொடுத்துக்கிட்டே இரும்மா’ என்று சொல்கிறார்கள்? பல இடங்களில் ‘முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கம்மா’ என்பதோடு சரி.

வலியை அளக்க முடியாது என்றும் சொல்ல முடியாது. முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்று ஐந்தைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை போட்டு, பத்துக்கு எத்தனை என்று எழுதும் ஃப்ளாக் அளவுகோல் 1997-லிருந்து இருக்கிறது. பேசத் தெரியாத குழந்தைக்கும் அது போதும். என் மகளின் கேஸ் ஷீட்டில் காய்ச்சலுக்குக் கட்டம் இருக்கிறது, நாடிக்கு இருக்கிறது, மூச்சுக்கு இருக்கிறது. அன்று அவள் கத்தியது எங்கேயும் எழுதப்படவில்லை. எழுதாததை எந்த அதிகாரியும் கேட்கப் போவதில்லை.

அதுதான் என்னை வதைக்கிறது. மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். ரெஜிஸ்டர் பார்க்கிறார்கள், கழிப்பறை பார்க்கிறார்கள், சுவரில் புதிதாக வரைந்த யானையைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். சிகிச்சை அறைக் கதவுக்கு வெளியே பத்து நிமிடம் நின்று கேட்டவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பக்கத்துப் பெட்டில் தீபாவளிப் பட்டாசில் கை வெந்த பையன் ஒருவன் இருந்தான். தினமும் ஒட்டிப்போன கட்டைப் பிரிக்கும்போது அவன் போட்ட சத்தத்துக்கு, அரை மணி முன்னால் ஒரு வலி மருந்து கொடுத்திருக்கக் கூடாதா? கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபினை முறைப்படி வாங்குவதை எளிதாக்க 2014-ல் போதைப்பொருள் சட்டத்தையே திருத்தினார்கள். சட்டம் இறங்கி வந்த அளவுக்கு வார்டு இறங்கி வரவில்லை. குழந்தை என்றால் அழத்தான் செய்யும் என்ற ஒரு வரியில் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார்கள்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆள் பற்றாக்குறை எனக்கும் தெரியும். ஒரே சிஸ்டர் வார்டு முழுக்க ஓடுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அன்று என் மகளைப் பிடிக்க அத்தனை பேர் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். தாய் மடியில் உட்கார்ந்து, கை மரத்து, செல்போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அத்தனை பேர் தேவைப்படாது.

ஆகவே தயவுசெய்து ஓர் ஆணை போடுங்கள். அவசரம் இல்லாத ஊசிக்கு முன்னால் மரத்துப்போகும் க்ரீம், குழந்தையின் வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவில். அந்த க்ரீம் வார்டு ஸ்டாக்கிலேயே இருக்கட்டும், வெளியில் வாங்க முடியாதவர்கள்தான் அங்கே அதிகம். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால், அது முடியாவிட்டால் டாக்டர் சொல்லும் அளவில் சர்க்கரைக் கரைசல். அம்மாவோ அப்பாவோ உள்ளே இருக்கலாம் என்ற அனுமதி. ஒருவர் இரண்டு முறை குத்தியும் நரம்பு கிடைக்காவிட்டால் அனுபவம் உள்ளவரைக் கூப்பிட வேண்டும் என்ற விதி. கேஸ் ஷீட்டில் வலிக்கு ஒரு கட்டம்; ஆய்வுக்கு வருகிறவர் முதலில் அதைப் பார்க்கட்டும்.

சிஸ்டர் கையில் எடுத்துக் காட்டும்படி, அதை எழுத்தில் கொடுங்கள். அடுத்த முறை ரத்தம் ஏற்ற வரும்போது அந்த ஆணை வார்டில் ஒட்டியிருக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலசீமியா உள்ள ஒரு சிறுமியின் தாய்