கைத்தொலைபேசிக் குரலால் பறவையை ஏமாற்றாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வடக்கிலிருந்து பறவைகள் வந்திறங்கும் பருவம் இது. சிங்கப்பூரில் பொங்கோல் பக்கமுள்ள கோனி தீவுப் பூங்காவுக்கு வாரம் தவறாமல் போகிறவள் நான். அங்கே கண்ட ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன ஞாயிறு காலை சவுக்கு மரத்தின் தாழ்ந்த கிளையில் ஒரு பழுப்புக் கீச்சான் வெட்டுக்கிளியைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. கேமராவோடு வந்த ஒருவர் அதே பறவையின் குரலைக் கைத்தொலைபேசியில் சத்தமாக ஒலிக்கவிட்டார். இரை நழுவி விழ, கீச்சான் கிளைக்குக் கிளை தாவிக் கத்தத் தொடங்கிவிட்டது. அவருக்குப் படம் கிடைத்தது. கால் மணி நேரமாகியும் அது இரை பக்கம் திரும்பவில்லை. குளிர்காலம் கழிக்க வந்த ஊரிலும் தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துக் காக்கும் பறவை அது. அந்தக் குரலைக் கேட்டதும், தன் இடத்துக்குள் வேறொன்று நுழைந்துவிட்டதாகவே நினைக்கும். சைபீரியா, மங்கோலியா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் பறந்து வரும் இனத்துக்கு நாம் கொடுக்கும் வரவேற்பா இது?

ஒலிபெருக்கி இல்லாமலும் தேடலாம். கனடாவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தபோது, ஆன்டாரியோ மாநிலத்தின் அல்கோன்குவின் பூங்காவில் பைன் மரங்களுக்கிடையே ‘கிராஸ்பில்’ குருவியைத் தேடினோம். அதன் மேலலகும் கீழலகும் நுனியில் ஒன்றையொன்று தாண்டிக் குறுக்காக நிற்கும். அதைச் செருகிப் பைன் காயின் செதிலை நெம்பி, நாக்கால் விதையை எடுக்கும். ஒரு காட்டில் காய்ப்பு பொய்த்தால் கூட்டமாக வேறு காட்டுக்குப் போய்விடும். அதனால் போன வருடம் பார்த்த இடத்தை நம்பி நிற்க முடியாது. அண்ணாந்தே நடந்த என்னிடம் மருமகன், “கீழே பாருங்க அத்தை” என்றார். விதையோடு ஒட்டியிருக்கும் சவ்வு போன்ற சிறகுகள் பனிமேல் புதிதாகச் சிதறிக் கிடந்தன. பேசாமல் நின்றோம். தலைக்கு மேலே காய் உடையும் மெல்லிய சத்தம். செங்கல் நிற ஆண் குருவி ஒன்று தலைகீழாகத் தொங்கித் தின்றுகொண்டிருந்தது. நாங்கள் நின்ற நேரம் முழுக்க அது தின்பதை நிறுத்தவே இல்லை.

இங்கேயும் அப்படி நிற்கலாமே. பறவைக் குரலை ஒலிக்கவிடக் கூடாது என்று பூங்கா வாசலில் நான்கு மொழிகளிலும் பெரிதாக எழுதி வையுங்கள் என்று தேசியப் பூங்காக் கழகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். படம் எடுக்கும் குழுக்களும் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பொங்கோல்