வெள்ளைப் புருவத்தைப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ இங்கிலாந்திலிருந்து அனுப்பிய போட்டோவை நேற்று ராத்திரி பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கால்வாய்க் கரையில் நிற்கும் அந்தக் கருப்பு வெள்ளைக் குருவி, "நம்ம பாலாற்றுக் குண்டுகரிச்சான்தானேப்பா?" என்று கேட்டிருந்தாய்.

இல்லை பாப்பா. பாலாற்றில் நாம் பார்த்ததே குண்டுகரிச்சான் இல்லை. நீ மூன்றாவது படிக்கும்போது விரிஞ்சிபுரத்துப் பக்கம் ஆற்று மணலில் உட்காரவைத்து, நான்தான் அந்தப் பெயரைச் சொல்லிக்கொடுத்தேன். அது தப்பு. இத்தனை வருஷம் அதையே நீ நினைவில் வைத்திருப்பது தெரிந்ததும் மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

குண்டுகரிச்சான் தோட்டத்துப் பறவை. வாலை நிமிர்த்தித் தூக்கும். ஆற்றில் பார்த்தது, வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு தண்ணீர் ஓரமாகவே ஓடி ஓடிப் பூச்சி பிடித்ததே, ஞாபகம் இருக்கிறதா? அது வெண்புருவ வாலாட்டி. தலை, தொண்டை, முதுகு எல்லாம் கருப்பு, வயிறு வெள்ளை, கண்ணுக்கு மேலே பட்டையாக ஒரு வெள்ளைப் புருவம். குண்டுகரிச்சானுக்கு அந்தப் புருவம் கிடையாது. வாலாட்டிகளிலேயே பெரியது இதுதான், 21 செ.மீ. இருக்கும். 1789இல் இதற்கு வைத்த அறிவியல் பெயரிலேயே மதராஸ் இருக்கிறது: மோட்டாசில்லா மதராஸ்படென்சிஸ். குளிருக்கு வந்து திரும்பிப் போகிற பறவை இல்லை, வருஷம் முழுக்க இங்கேயே இருக்கும்.

இந்தப் பங்குனியில் நம் கிணற்று மோட்டார் கொட்டாய்ச் சுவர்ப் பொந்தில் ஒரு ஜோடி கூடு கட்டியது. விடியற்காலையில் ஆண் குருவி ஓட்டின் மேல் உட்கார்ந்து நீளமாகப் பாடும். குஞ்சு பொரித்த பிறகு இரண்டுமே மாறி மாறி இரை கொண்டுவந்தன. குஞ்சுகள் பறந்து போகும்வரை உன் அம்மா அந்தப் பக்கம் யாரையும் விடவில்லை.

சரி, உன் குருவிக்கு வருகிறேன். அதுவும் வாலாட்டிதான், ஆனால் வேறு இனம். முகத்தைப் பார், நெற்றியும் கன்னமும் வெள்ளை. நம்முடையதற்கு முகம் கருப்பு, புருவம் மட்டும்தான் வெள்ளை. குளிர்காலத்தில் உங்கள் ஊர்ப்பக்கம் இவை நூற்றுக்கணக்கில் நகரத்து மரங்களில் ஒன்றாகத் தூங்குமாம். பொழுது சாய்கிற நேரத்தில் கடைத்தெரு மரங்களை அண்ணாந்து பார்.

போட்டோவில் முதுகு நிழலில் விழுந்துவிட்டது. அடுத்த முறை அதைக் கவனித்துச் சொல். நல்ல கருப்பென்றால் ஆண், சாம்பல் கலந்திருந்தால் பெண். அம்மாவும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா