'ஏன்' என்று ஒரு கட்டம்

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் வந்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி.

ரிக்வயர்மென்ட்டில், அதாவது புரோகிராம் என்ன செய்ய வேண்டும் என்று முதலில் எழுதி வைப்பதில், வரும் தவறுகளை எப்படிக் குறைப்பது என்று கேட்டிருந்தாய். டெஸ்டிங்கிலும் மாட்டாத தவறு அது. எழுதிக் கொடுத்தபடி புரோகிராம் சரியாகத்தான் ஓடும், எழுதியதே தப்பாக இருக்கும்.

பால் சொசைட்டிக்குக் கணக்குப் புரோகிராம் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? "ஒரு உறுப்பினருக்கு வேளைக்கு ஒரு பதிவுதான்" என்றார் செயலாளர். அப்படியே செய்து கொடுத்தோம். ஒரு வாரம் கழித்து விடியற்காலையில் பால் ஊற்றும் இடத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு அம்மா இரண்டு கேனோடு வந்தார். ஒன்றில் பசும்பால், மற்றதில் எருமைப்பால். கொழுப்பு வேறு, விலை வேறு. இரண்டாவதை ஏற்றியதும் முதல் பதிவு அழிந்துபோனது. அந்த வாரம் முழுக்க அவர் ஊற்றிய பசும்பால் கணக்கிலேயே இல்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஒரே பாலை இரண்டு தடவை ஏற்றிவிடக் கூடாது என்பதுதான் செயலாளரின் கவலை. "ஏன் சார்?" என்று அன்றே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

நாசாவின் மார்ஸ் போலார் லேண்டரும் இப்படித்தான் போயிருக்கிறது. 1999 டிசம்பர் 3 அன்று செவ்வாயில் இறங்கும்போது தொலைந்த கலம். கால்கள் விரியும் அதிர்வில், தரை தொட்டதைச் சொல்லும் சென்சார் பொய்யாக ஒரு சிக்னல் தரும். மென்பொருள் அதை வைத்துக்கொண்டு, சுமார் 40 மீட்டர் உயரத்திலேயே எஞ்சினை நிறுத்தியிருக்கலாம். இதுதான் ஆய்வுக் குழு கண்ட, நடந்திருக்க அதிக வாய்ப்புள்ள காரணம். 12 மீட்டர் உயரத்துக்கு வரும்வரை சென்சார் சொல்வதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று மேல்மட்ட ஆவணத்தில் இருந்தது. பொய் சிக்னல் வரும் என்ற சங்கதி மட்டும் மென்பொருள்காரர்களின் ஆவணத்துக்கு வந்து சேரவில்லை. கால் விரிக்கும் சோதனையில் சென்சார் வயரிங் தப்பாக இருந்தது. அதைத் திருத்திய பிறகு யாரும் மறுபடி சோதிக்கவில்லை. இதைப் படித்த அன்று அந்தப் பால்காரம்மாவின் முகம்தான் எனக்கு முன்னால் நின்றது.

இப்போது ஒவ்வொரு ரிக்வயர்மென்ட்டுக்குப் பக்கத்திலும் 'ஏன்' என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். அது காலியாக இருந்தால் வேலையைத் தொடங்க விடுவதில்லை. டெஸ்ட் செய்கிறவரையும் நீ முதல் நாளே கூப்பிட்டுவிடு. "இதை நான் எப்படிச் சோதிப்பது?" என்று அவர் கேட்டால் 'வேகமாக', 'எளிதாக' என்று எழுதிய வரிகளெல்லாம் நிற்காது.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாய்தானே? உன் ஆவணத்தில் முதல் பத்துப் பக்கம் எடுத்து வா, திண்ணையில் உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
குமார்