செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழுவினரே, பல் மருத்துவர் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு ஐந்து முறை கூடியது. இம்பிளாண்ட் பற்றியும் வேர்ச் சிகிச்சை பற்றியும் தொடர்கல்விக் கூட்டங்கள் நடந்தன. தைப்பூசத்துக்குப் பழனி நடந்து போனவர்களுக்குக் குன்றக்குடியில் மருந்துப் பந்தல் போட்டோம். மார்ச் 20, உலக வாய்நல நாளில் கானாடுகாத்தானில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முகாம் நடத்தினோம்.

இனி நான் அதிக நேரம் கொடுத்த பணி: படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கே போய் வாயைப் பார்ப்பது. "பல் டாக்டர் சங்கத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

2024 அக்டோபர் 12, உலக நோய் ஆதரவுச் சிகிச்சை நாள். தீராத நோயில் இருப்பவர்களின் வலியையும் வேதனையையும் குறைப்பதுதான் ஆதரவுச் சிகிச்சை. அன்று தொடங்கி, பிறகு மாதம் ஒரு ஞாயிறு, வெளியூர்க் கல்லூரி ஒன்றின் பயிற்சிப் பல் மருத்துவர்கள் நான்கு பேரைப் படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடுகளுக்கு அழைத்துப் போனோம். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் வந்த பிறகு இப்படிப்பட்ட வீடுகளுக்கு நர்ஸ் போகிறார். வாயை யார் பார்ப்பது என்று அவர்தான் எங்களைக் கேட்டார்.

பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஆனால் பி.டி.எஸ். படிப்பில் இதற்கென்று தனித் தாள் இல்லை. வெற்றிலை, பாக்கு, புகையிலை போட்ட வாயில் புற்றைக் கண்டுபிடிக்கவும், சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பவும் கற்றுத் தருகிறோம். நம் பாடம் அத்தோடு முடிகிறது. அதே ஆள் ரேடியேஷன் முடிந்து, உமிழ்நீர் வற்றி, வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காமல் வீடு திரும்பும்போது நம்மில் ஒருவரும் அங்கே இருப்பதில்லை.

டிசம்பரில் பள்ளத்தூரில் ஒரு வீடு. முகப்பு, வளவு எல்லாம் தாண்டி இரண்டாங்கட்டில் ஆச்சி கட்டிலில் கிடந்தார். வலிக்கு மார்ஃபின் மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. "பத்து நாளா எதக் குடுத்தாலும் வேணாங்குறாக" என்றார் மருமகள். ஒரு மாணவி கண்ணாடியையும், பல்லைச் சோதிக்கும் புரோபையும் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். "சார், ட்ரீட்மென்ட் பிளான்ல என்ன எழுதுறது?" புரோபை உள்ளே வைத்துவிட்டுப் பல் செட்டைக் கழற்றச் சொன்னேன். மேலண்ணத்தில் தயிர் ஆடை போல வெள்ளைப் படலம். துடைத்தால் கீழே ரத்தச் சிவப்பு. நாக்கு காய்ந்த கண்மாய் போல வெடித்திருந்தது. ஆச்சிக்குச் சாப்பாடு வேண்டாமென்று இல்லை, வாய் எரிந்திருக்கிறது.

மாணவி விரலில் ஈரக் காஸைச் சுற்றிக் கன்னத்தின் உட்புறத்திலிருந்து மெதுவாகத் துடைத்தெடுத்தாள். பல் செட்டைத் தேய்த்துக் கழுவி, இரவில் தண்ணீரில் போட்டு வைக்கும்படி மருமகளுக்குச் செய்து காட்டினாள். பூஞ்சைக்கு நிஸ்டாடின் சொட்டு. கிருமி கொல்லும் குளோர்ஹெக்ஸிடின் கொப்பளிக்கக் கொடுத்தால் இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரமாவது விட வேண்டும், சேர்த்துக் கொடுத்தால் நிஸ்டாடின் வேலை செய்யாது என்பதை அங்கேதான் நால்வரும் கற்றார்கள். இரண்டாம் வாரம் மருமகள் போன் செய்தார். ஆச்சி கவுனி அரிசி கேட்டு வாங்கி இரண்டு கரண்டி சாப்பிட்டாராம். ஜனவரியில் ஆச்சி காலமானார். அந்த மாணவி யாரும் சொல்லாமல் தானே பஸ் ஏறித் துக்கம் கேட்க வந்தாள்.

1993-இல் கோழிக்கோட்டில் சில டாக்டர்கள் தொடங்கிய ஆதரவுச் சிகிச்சை வேலையை ஊர்க்காரர்கள் கையில் எடுத்ததால்தான் கேரளம் இதில் முன்னால் நிற்கிறது. கையில் எடுக்க நம் ஊரிலும் ஆள் இருக்கிறது என்றே நம்புகிறேன்.

ஆனால் அக்டோபர் முதல் மார்ச் வரை வந்தவர்கள் அதே மூன்று உறுப்பினர்கள்தான். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டியவர்கள் பலர். காலையில் போன் எடுத்தவர்கள் இல்லை. மற்றொரு கல்லூரிக்கு மூன்று கடிதம் எழுதினேன், ஒன்றுக்கும் பதில் வரவில்லை. சந்தா நிலவரமும் வருத்தமானதே. ஏறக்குறையப் பாதிப் பேர் இரண்டு ஆண்டுகளாகப் பாக்கி. குடும்பக் கணக்கில் கோயிலுக்குக் கட்டும் புள்ளி வரியை வெளிநாட்டிலிருந்துகூடத் தவறாமல் அனுப்பும் ஊர் இது. சங்கத்துக்கு மட்டும் ஏன் ஆள் விட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது?

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. அதற்குக் காரணம் சந்தா பாக்கிதான், வீட்டுப் பார்வை அல்ல. அதற்கு ஆனதெல்லாம் காஸ், மென்மையான பிரஷ், மருந்து. பெட்ரோல் எங்கள் மூவர் கையிலிருந்து.

தலைவருக்கும், செயற்குழுவுக்கும், கூட்டத்துக்கு இடம் தந்தவர்களுக்கும், நர்ஸ் அம்மாவுக்கும், வீட்டுக்குள் விட்ட குடும்பங்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இதைப் பயிற்சி மருத்துவர்களுக்கு முறையான பணிநாளாக்கக் கல்லூரியைக் கேட்டிருக்கிறோம். கூட வந்து கற்றுத் தர மூத்தவர்கள் வேண்டும் என்கிறார்கள். கேட்பது நியாயம். செயலாளர் பொறுப்பில் யார் இருப்பது என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். யார் இருந்தாலும் நான் போவேன். வரும் ஞாயிறு கோட்டையூரில் இரண்டு வீடுகள். காலை ஏழு மணிக்குப் பழைய பேருந்து நிலையத்திலிருந்து கிளம்புகிறோம். காரில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்
காரைக்குடி