தீவன மக்காச்சோளத்துக்கு விதை நாமளே எடுத்து வைக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்க பெரம்பலூர் பக்கம் மானாவாரியில பருத்தியும் மக்காச்சோளமும்தான். வருசா வருசம் மக்காச்சோள விதைக்கு கடைக்காரர் சொல்ற விலைதான், இதுல சில பேரு போன வருச கதிர்லயே கொஞ்சம் எடுத்து வச்சு போட்டுடலாம்னு வீடியோ பாத்துட்டு இறங்கிடறாங்க. கடையில வாங்கினது ஹைப்ரிட்டா, அதாவது வீரிய ஒட்டு விதையா இருந்தா தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க, மறு வருசம் செடி ஒண்ணு நெட்டை ஒண்ணு குட்டைன்னு வரும், கதிரும் சிறுத்துடும், மகசூல் நல்லா அடிபடும்.

ஆனா மாட்டுக்குப் போடற ஆப்பிரிக்கன் டால் ரகம் ஹைப்ரிட் கிடையாது, அதுல விதை எடுத்து திரும்பப் போடலாம். ரெண்டு மாடு வச்சிருக்கறவங்க கூட அதை ஏன் ஒவ்வொரு தடவையும் காசு கொடுத்து வாங்கணும்? தீவனத்துக்கு 60, 65 நாள்ல அறுத்துடுவோம், அப்ப ஒரு ஓரமா ரெண்டு மூணு சென்ட் மட்டும் அறுக்காம முத்த விட்டா போதும். ஏக்கருக்கு 16 கிலோ விதை வேணும், நல்லா திரண்ட 200 கதிர் இருந்தா அது கிடைச்சிடும். பத்து இருபது பெரிய கதிரா பாத்து அதுல மட்டும் எடுத்தா நாலஞ்சு வருசத்துல ரகமே வீரியம் குறைஞ்சிடும், அதனால நிறைய செடியில இருந்து எடுக்கறதுதான் முக்கியம். வரப்போரம் உள்ளதை விட்டுட்டு நடு வயல்ல சாயாம நின்னதா பாத்து எடுக்கணும்.

பெரிய சிக்கல் பக்கத்து வயல்தான். ஆண் பூவுல இருந்து மகரந்தம் காத்துலதான் பறக்குது, சுத்தி ஹைப்ரிட் நின்னா நம்ம கதிர் நூல்ல விழுந்து கலந்துடும். 200 மீட்டர் தள்ளி இருக்கணும்பாங்க, ஒரு ஏக்கர் ரெண்டு ஏக்கர் வச்சிருக்கறவன் எங்க போறது, அதுக்கு விதைக்கற நாளை ஒரு மாசம் முன்னபின்ன தள்ளி பூக்கற நேரத்தை மாத்திக்கறதுதான் வழி.

மணியோட அடிப்பக்கம் நுனியில கருப்பு புள்ளி வந்துட்டா முத்திடுச்சுன்னு அர்த்தம். தோகையை உரிச்சு கதிரோட காயப்போடுங்க, ஆனா நம்ம ஊர்ல தார் ரோட்டுல கொட்டி காய வைக்கறோமே, விற்கற சோளத்துக்கு என்னமோ, விதைக்கு அது ஆகவே ஆகாது, அந்த சூட்டுல முளை செத்துடும், வண்டி ஏறி மணி வெடிச்சிடும். களத்துல தார்பாய் மேல போடுங்க, உச்சி வெயில் 12ல இருந்து 3 வரைக்கும் மூடி வச்சிடுங்க. ஈரம் 12 சதத்துக்கு கீழ இறங்கணும். மீட்டர் இல்லைன்னா காஞ்ச கண்ணாடி பாட்டில்ல கொஞ்சம் மணியும் காஞ்ச தூள் உப்பும் போட்டு குலுக்கிட்டு பத்து நிமிசம் விட்டுப் பாருங்க, உப்பு பாட்டில் சுவத்துல ஒட்டுச்சுன்னா இன்னும் ஈரம் இருக்கு. ஒட்டாததுக்கு அப்பறமும் ரெண்டு நாள் சேர்த்தே காய வைங்க, ஈரத்தோட டிரம்முல அடைச்சா பூசணம் பிடிச்சு மொத்தமும் போயிடும்.

வண்டு வயல்லயே முட்டை வச்சிட்டுதான் வீட்டுக்கு வருது, அதனால மூடி இறுக்கமான டிரம்முல வாய் வரைக்கும் நிரப்பி காத்து போகாம அடைச்சிடணும், பாதி டிரம்மா விட்டா உள்ள இருக்கற காத்துலயே அது பெருகிடும். பானையில சலிச்ச சாம்பல் கலந்து வச்சாங்களே நம்ம பாட்டிங்க, கொஞ்சம் விதைக்கு அது இப்பவும் நல்ல வழிதான். சிமெண்ட் தரையில வைக்காம பலகை மேல வைங்க. விதைக்கறதுக்கு முன்னாடி 100 மணியை ஈரச்சாக்குல சுருட்டி வச்சு எத்தனை முளைக்குதுன்னு கட்டாயம் பாத்துக்கணும்.

2001 தாவர ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டமே விவசாயி விதை சேமிக்கலாம், மாத்திக்கலாம், பிராண்ட் பேர் போடாம விற்கவும் செய்யலாம்னு சொல்லுது. அதனால வேளாண்மைத் துறைக்கு உங்க பத்திரிகை மூலமா ஒரு கோரிக்கை: ஒவ்வொரு விரிவாக்க மையத்துலயும் ஈரம் பாக்கற மீட்டர் ஒண்ணு விவசாயி கொண்டு வர்ற விதைக்காக வைங்க, தரமான தீவன மக்காச்சோள விதை ஒரு தடவை கொடுத்து அதை எப்படி எடுத்து வைக்கறதுன்னு அறுவடை சமயத்துல களத்துக்கே வந்து காட்டுங்க.

இப்படிக்கு,
ஒரு சிறு விவசாயி,
வேப்பந்தட்டை வட்டம், பெரம்பலூர் மாவட்டம்.