அஸ்வெசும பெயரில் வரும் அழைப்புகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் மோசடித் தொலைபேசி அழைப்புகளுக்குக் குறைவில்லை. முன்பு பரிசு விழுந்ததென்பார்கள். இப்போது அரசின் நலன்புரி உதவியான அஸ்வெசும கொடுப்பனவையே தூண்டிலாக்கிவிட்டார்கள். அயல்வீட்டு மூதாட்டியிடம், "அம்மா, உங்கள் பணம் வங்கியில் தேங்கி நிற்கிறது, இப்போது வரும் இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்று வெகு பணிவாகப் பேசியிருக்கிறான் ஒருவன். அவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கையில் பேரன் கைபேசியை வாங்கி, "எந்தப் பிரதேச செயலகத்திலிருந்து பேசுகிறீர்கள்?" என்றான். உடனே அழைப்பு துண்டிக்கப்பட்டது.

கைபேசிக்கு வரும் அந்த ஒருமுறைக் கடவு எண்ணை (OTP) எந்த வங்கி ஊழியரும் தொலைபேசியில் கேட்பதில்லை. கணக்கு இலக்கத்தைவிடக் கவனமாகக் காக்கவேண்டியது அதைத்தான். வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பும் காசை நம்பித் தனியே வாழும் முதியவர்களுக்கு இதை யார் சொல்வது? வங்கிகள் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததென்று இருக்கின்றன. குறுஞ்செய்தி வாசிக்கத் தெரிந்தவர் ஏன் ஏமாறப்போகிறார்!

2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் இருக்கிறது. ஆனால் ஐயாயிரம் ரூபாயை இழந்தவர் ஒட்டுசுட்டானிலிருந்து எங்கே அலைவார்? முறைப்பாட்டைத் தமிழிலேயே அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் ஏற்று, உரிய பிரிவுக்கு அவர்களே அனுப்பவேண்டும். கிராம அலுவலர்களும் கொடுப்பனவு நாட்களில் வங்கி வாசலில் நிற்கும் வரிசையிடம் இரண்டு நிமிடம் பேசலாம்.

ஒரு வாசகர்,
ஒட்டுசுட்டான்.